கொதிக்கும்போதா, இறக்கிய பிறகா?

“எம்மா, இத கொதிக்கும்போதே போடணுமா, இல்ல எறக்கின பெறவா?”

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகன் குமார் கேட்ட கேள்வி. அவன் நியூசிலாந்தில். நான் பாளையங்கோட்டையில், என் அடுக்களையில். போனைக் கடுகு டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தேன். இங்கே ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அங்கே அவன் அடுப்பிலும் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது...

ஞாயிறு என்றால் எங்களுக்கு அப்படித்தான். இரண்டு பேரும் சமைத்துக்கொண்டே பேசுவோம். பேச்சு என்ன பேச்சு, கேள்விதான். தயிர் ஏன் குளிரில் உறைய மாட்டேங்கு, பருப்பு ஏன் வேக மாட்டேங்கு. நான் சீவலப்பேரிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் எடுத்தவள். அணு, மூலக்கூறு என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கும். புளி, சோப்பு, தயிர் என்று ஆரம்பித்தால் என்னைப் பார்க்கும். மகனுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன்.

அன்று அவன் உள்ளங்கையைக் கேமராவுக்கு நேராக நீட்டினான். பச்சையாகச் சிறுசிறு உருண்டைகள்.

“என்னலே அது, கோழித் தீவனமா?”

சிரித்தான். “ஹாப்ஸும்மா. ஒரு கொடியில பூக்குற பூ. காயவச்சு, பொடிச்சு, அமுக்கியிருக்கான். மோந்து பாத்தா எலுமிச்சந்தோலும் மாங்காப் பாலும் சேந்தாப்ல இருக்கு.”

“எதுக்கு அது?”

கொஞ்சம் தயங்கினான். “பீருக்கும்மா. இங்கன அது தப்பில்ல, கடையிலயே கிட் விக்கான். டின்னுல தேன் மாதிரி கெட்டியா மால்ட் வரும், முளகட்டுன பார்லிச் சாறு. சீனி, தண்ணி, ஈஸ்ட் சேத்து வச்சா ஆச்சு. ரெண்டு தடவ போட்டேன், மணமே இல்ல. அதான் மொத தடவையா ஹாப்ஸ் வாங்குனேன். கசப்பு டின்னுலயே இருக்காம். எனக்கு மணம் மட்டும் போதும். எப்ப போடணும்? நெட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதான். நீ சொன்னாத்தான் எனக்கு வெளங்கும்.”

ஹாப்ஸ் என்ற பெயரையே நான் அன்றுதான் கேட்டேன். ஆனாலும் விடை தெரியும். என் கையில் கிள்ளி வைத்த கொத்தமல்லி இருந்தது... அடுப்பை அணைத்த பிறகு போடுவதற்காக.

சொல்லவில்லை.

என் கணவர் குடித்தே போனவர். சனிக்கிழமை மத்தியானம் ஏலக்காயை மென்றுகொண்டு வருவார், வாடை தெரியாமல் இருக்கட்டும் என்று. எங்கள் வீட்டுப் பாயசத்தில் இன்றுவரை ஏலக்காய் கிடையாது. ஏன் என்று குமார் மட்டும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிற பிள்ளை, அதை மட்டும் கேட்காமலே தெரிந்துகொண்டான். அவர் போகும்போது அவன் பதினொன்றாம் வகுப்பு.

“எனக்குத் தெரியாதுப்பா” என்றேன்.

அவன் கை அப்படியே நின்றது. “தெரியாதுன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்லையேம்மா.”

நான் ரசத்தைப் பார்த்தேன்.

“அப்பா மாதிரி இல்லம்மா. சனிக்கிழம ஒண்ணு, ரெண்டு. அவ்வளவுதான்.”

“ரசம் பொங்குது. வைக்கேன்” என்று போனை வைத்துவிட்டேன். பொங்கவெல்லாம் இல்லை. அதற்கு முன்பே அணைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அவனே சொன்னான். “எல்லா ஹாப்ஸையும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டுட்டேன். நெலவேம்புக் கஷாயம் தோத்துது போ. பூராவும் சிங்க்ல ஊத்திட்டேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். மனதுக்குள் நிம்மதிகூட வந்தது, மறைப்பானேன்... சனியன் இத்தோடு விட்டது என்று நினைத்தேன்.

அவன் விட்டது வேறு. கேள்வி கேட்பதை விட்டுவிட்டான்.

அது உடனே எனக்கு உறைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் அழைப்பான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கரண்ட் இருக்கா. பிறகு “சரிம்மா, வைக்கேன்.” ஒருநாள் அவன் முகத்துக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. “என்னலே சமையல்?” என்றேன். “சும்மா, சாம்பார்” என்றான். பருப்பு வெந்ததா வேகவில்லையா, ஒன்றும் கேட்கவில்லை. அன்றுதான் புரிந்தது.

எனக்கு வந்த பயம் தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ‘எனக்குப் பயமா இருக்குலே’ என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டிருப்பான், புரிந்துகொண்டும் இருப்பான். நான் சொன்னது ‘தெரியாது’. தேர்வில் விடை தெரிந்தும் வெற்றுத்தாள் கொடுத்த பிள்ளையை நானே எத்தனை தடவை வைதிருக்கிறேன்...

போன தைப்பொங்கல் முடிந்து வாய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினேன். இரண்டு தடவை பேசி அழித்து, மூன்றாவதைத்தான் அனுப்பினேன்.

“ஏலே குமாரு, அன்னைக்கு ஒண்ணு கேட்டேல்லா? கசப்பு வேணும்னா கொதிக்க விடணும். மணம் வேணும்னா அடுப்ப அணைச்ச பெறவு போடணும். மணம் ஆவியோட போயிரும், கசப்பு போகாது. ஒனக்கு டின்னுலயே கசப்பு இருக்குல்லா, அதனால கடைசில போட்டாப் போதும். எனக்கு அன்னைக்கே தெரியும்.”

நீல டிக் உடனே விழுந்தது. பதில் சாயந்திரம்தான் வந்தது.

“கேட்டேம்மா. அந்தக் கிட்டு, டின்னு எல்லாத்தையும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டேன். சவத்த விடு. நீ மாத்திரை போட்டியா?”

போட்டேன் என்று எழுதினேன்.

முன்பெல்லாம் அவன் கேள்வி ஓயாமல், பேசிப் பேசியே என் ரசம் ஆறிப்போகும். இப்போது போனை வைத்த பிறகும் சுடச்சுட இருக்கிறது. ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும். அளவைக் குறைக்கத்தான் கை வரவில்லை.

நீங்கள் நாளைக்கு ரசம் வைத்தால், ஒரு கரண்டி ரசத்தைத் தனியே எடுத்துக் கொத்தமல்லி போட்டுக் கொதிக்க விடுங்கள். மீதிக்கு அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். இரண்டையும் வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், அப்போதே சொல்லிவிடுங்கள்.