ரோஸ் மூக்குக் குட்டி

எங்கள் மாமாவுக்கு வெள்ளை என்றால் உயிர். சட்டை வெள்ளை, கார் வெள்ளை. ராஜகீழ்ப்பாக்கம் மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். உலகத்தில் உள்ள அத்தனை நிறத்துக்கும் அட்டை வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் முதலில் வெள்ளையைத்தான் நீட்டுவார். அப்படிப்பட்டவர் நாய் வளர்க்க ஆசைப்பட்டபோது ராஜபாளையம் நாயைத் தவிர வேறெதையும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். எங்காவது ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தால் அவருக்கு அது நாயே இல்லை.

தெற்கே யாரிடமிருந்தோ ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையும் ஜோடியாக வாங்கி வந்தார். வெளி நாயோடு சேர்த்தால் வெள்ளை கெட்டுவிடும் என்று அவருடைய வாட்ஸ்அப் குழுவில் இருந்த பெரிய மனிதர்கள் சொன்னார்கள். அதனால் அண்ணனுக்கும் தங்கைக்குமே கிராஸ் போட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் நெல் விளைந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில், வாடகைக்குக் கட்டிவிட்ட போர்ஷன்களை ஒட்டி ஒரு ஷெட் இருந்தது. அங்கே பழைய மரக்கதவு ஒன்றைத் தரையில் கிடத்தி, அதன்மேல் சாக்கு விரித்து, நாய்க்குப் பிரசவ அறை தயாரானது.

முதல் ஈற்றில் புள்ளி விழுந்த குட்டிகளைப் பால்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் கொடுத்துவிட்டார். வெள்ளைக் குட்டிகள் ஜாதி நாய் என்ற மரியாதையோடு காரில் போயின. அதில் ஒன்று கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்துவிட்டது. காது கேட்கவில்லை, திருடன் வந்து பக்கத்தில் படுத்தாலும் தூங்கும் போலிருக்கிறது என்று வாங்கியவர் குழுவில் எழுதிவிட்டார். மாமாவுக்கு மானம் போய்விட்டது. மறுநாள் அந்தக் குட்டியைக் கோணிப்பையில் போட்டு பைக்கில் எடுத்துக்கொண்டு போனார். வரும்போது பை மட்டும்தான் வந்தது. வண்டலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் விட்டதாக அம்மாவிடம் சொன்னார். கடையில் வேலை செய்த அண்ணன் என்னிடம் ரகசியமாகச் சொன்னது வேறு: பள்ளிக்கரணை சதுப்பு ஓரமாக ரோட்டிலேயே இறக்கிவிட்டாராம். அதற்குப் பிறகு அம்மாவோடு வேளச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தபடியே வருவேன். சதுப்பில் நிற்கும் கொக்கு ஒவ்வொன்றும் அந்தக் குட்டியாகத் தெரியும்.

இரண்டாவது ஈற்றின்போது எனக்கு ஒன்பது வயது. அக்கா பி.எஸ்ஸி. கடைசி வருஷம். அக்காவை மாமாவுக்குக் கொடுப்பது என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான விஷயம். மாமா அம்மாவின் கடைசித் தம்பி, பக்கத்து போர்ஷனிலேயே இருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்யாணங்கள் எல்லாமே இப்படித்தான். அப்பாகூட அம்மாவுக்கு அத்தை மகன். நிலம் வெளியே போகக்கூடாது என்று ஆரம்பித்த வழக்கம், நிலம் மனை மனையாக வெளியே போன பிறகும் விடவில்லை. பரீட்சை முடிந்ததும் வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு நடந்தது. அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

இந்த முறை ஆறு குட்டிகள். ஒன்றுக்கு மட்டும் காதில் பழுப்புத் திட்டு. மாமா அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து, இஸ்திரி போடுகிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். மற்ற ஐந்தில் ஒன்று எல்லாவற்றையும் விட வெள்ளை. மூக்கு, உதடு, பாதத்தின் அடி எல்லாம் ரோஸ். மாமா அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். அதை அக்காவின் மடியில் போட்டு, “இத்த யாருக்கும் குடுக்கப் போறதில்ல. இது உனக்கு” என்றார். அக்கா சிரித்தாள். மாமா நல்லவர், அக்காவுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

குட்டி பெயருக்குத்தான் அக்காவுடையது. அதற்குச் சோறு பிசைவது, துடைப்பது, தூக்கிக்கொண்டு அலைவது எல்லாம் நான். அதனால் விஷயம் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. தாம்பரம் ஏர்போர்ஸிலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் காலையில் எங்கள் தலைக்கு மேலேயே வட்டமடிக்கும். குட்டிகளுக்குக் காது திறந்த பிறகு, அந்தச் சத்தம் வந்தாலே எல்லாம் தாயின் வயிற்றுக்கடியில் ஓடி ஒளியும். அன்று ரோஸ் மூக்குக் குட்டி மட்டும் தனியாக வெயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. விமானம் தாழப் பறந்தது. குட்டி காதைக்கூட அசைக்கவில்லை. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அப்போதும் இல்லை. நான் அதன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்தேன். என் கைதான் வலித்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோணிப்பை ஷெட்டின் ஆணியிலேயே மாட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போதும் அந்தப் பைதான் கண்ணுக்குள் நிற்கும். வாங்குகிறவர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் எல்லாக் குட்டிக்கும் காது கேட்கிறதா என்று தட்டு அடித்துப் பார்க்கப்போவதாக மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். விழித்திருக்கும்போது பயமில்லை, மற்ற குட்டிகள் திரும்பினால் இதுவும் திரும்பும். தூங்கும்போது தனியாக மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒருநாள் கதவுப் பலகையின் இந்த ஓரத்தில் நான் தொப்பென்று குதித்தபோது, அந்த ஓரத்தில் தூங்கிய குட்டி சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பலகையின் அதிர்வு அதற்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன, காலால் ஒரு தட்டு, வாயில் ஒரு கவளம் தயிர்சோறு என்று ரகசியமாகப் பழக்க ஆரம்பித்தேன். மெதுவாகக் குதிகாலால் தட்டினாலே எழுந்து ஓடி வரும் அளவுக்குத் தேறிவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாமா எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக ஷெட்டுக்கு வந்தார். தூங்கிக்கொண்டிருந்த ரோஸ் மூக்கைத்தான் முதலில் பார்க்கப்போவதாகச் சொன்னார். நான் பலகையின் ஓரத்தில் ஏறி நின்றுகொண்டேன். அவர் கரண்டியை ஓங்கினார். தட்டு அலறிய அதே நொடியில் நான் குதிகாலை அழுத்தினேன். குட்டி துள்ளி எழுந்தது. மாமாவின் முகமெல்லாம் பல். நான் மூச்சை விட்டுத் திரும்பினால், ஷெட் வாசலில் அக்கா நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா போன பிறகு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கோணிப்பையைப் பற்றியும் சொன்னேன். மறுநாள் காலை, பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, குட்டியைக் கூடையில் வைத்து என் மடியில் கொடுத்து, ஸ்கூட்டியில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு நாய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் அம்மா குட்டியின் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டினார், விசில் ஊதினார். பிறவியிலேயே காது கேட்காது, மருந்து கிடையாது என்றார். தாயும் தகப்பனும் யார் என்று கேட்டபோது அக்கா சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினார். காதுக்குள்ளேயும் நிறம் கொடுக்கிற செல் உண்டாம். வெள்ளை வெள்ளை என்று பொறுக்கிக்கொண்டே போனால் சில குட்டிகளுக்கு அங்கேயும் நிறம் இல்லாமல் போய், காது செத்துவிடுமாம். மாமா ஆசை ஆசையாகப் பொறுக்கிய வெள்ளையோடு செவிடும் சேர்ந்தே வந்திருக்கிறது. அண்ணன் தங்கையைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் மறைந்து கிடக்கிற ஒரே குறை ஒன்றாகக் கூடிவிடும் என்றும் சொன்னார்.

கிளினிக் வாசலில், ரோட்டை ஒட்டி ஒரு செவலை நிறத் தெருநாய் படுத்திருந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அதன் காது திரும்பியது. டாக்டர் உள்ளிருந்தே அதைக் காட்டினார். “அந்த நாயை யாரும் கலர் பார்த்து கிராஸ் போடலம்மா. ரோடுதான் பொறுக்குது. ஹாரன் கேக்காத நாய் குட்டி போடற வயசு வரைக்கும் இருக்காது.”

நான் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கரணை ரோட்டில் எத்தனை லாரி போகும் என்பது எனக்குத் தெரியும். இந்த டாக்டர் மாமாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுவாரோ என்பதுதான் என் கவலையெல்லாம். அக்காவோ எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் நன்றாகக் கேட்கிறதே, பிறகு எப்படிக் குட்டிக்கு வந்தது என்றாள். பார்த்தால் தெரியாமலே ரத்தத்தில் இருக்குமா என்றாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அண்ணன் தங்கச்சியா இல்லாம, கொஞ்சம் தள்ளின சொந்தமா இருந்தா மேடம்? அக்கா வயித்துல பொறந்தது, அவளோட தம்பி, அந்த மாதிரி” என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நாய்க்குத்தானே கேக்கறே?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டாயம் வரும் என்று இல்லை, வர வாய்ப்பு கூடும், அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ரத்தம் பார்த்து விளக்கிச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே போ என்றார். நாய்க்கு எதற்குப் பெரிய ஆஸ்பத்திரி என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமா அடுத்த கிராஸ் போடுவதற்காக அக்கா விசாரிக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

திரும்பி வரும்போது சிக்னலில் அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, மாமாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அன்று சாயங்காலம் மண்டபம் பேசி முடிக்க மாமா வந்திருந்தார். அப்பா நாள்காட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா குட்டியைத் தூக்கி வந்து மாமாவின் மடியில் வைத்தாள்.

“இதுக்குக் காது கேக்காது மாமா. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.”

முதல் இரண்டு பேச்சோடு எனக்கு உயிரே போய்விட்டது. மூன்றாவது என் காதில் சரியாக ஏறவே இல்லை. அப்பா எழுந்து நின்று சத்தம் போட்டார். நாயும் மனுசனும் ஒண்ணா, ஊர்ல இன்னா சொல்வாங்க, படிக்க வெச்சது தப்பாப் போச்சு என்று வரிசையாக வந்தது. அக்கா டாக்டர் சொன்னதையே திரும்பச் சொன்னாள். அப்பா நடுவில் கத்தியபோதும் நிறுத்தவில்லை. மாமாவைப் பிடிக்காமல் இல்லை என்றும் சொன்னாள். மாமா குட்டியின் தலைக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினார். மறுபடியும் சொடுக்கினார். குட்டி அவருடைய வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

அம்மா அதுவரை அடுப்படி வாசலிலேயே நின்றாள். அக்காவை அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வந்து அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றாள்.

“எனக்கு நாலு பொறந்துது. ரெண்டுதான் தங்குச்சு. ஏன்னு அப்ப யாரையும் கேக்கத் தெரியல எனக்கு. இவ கேட்டுகினு வந்து கீறா. உட்டுருங்க” என்றாள்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். நாலு என்றால் மற்ற இரண்டு பேர் யார், எனக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்தவர்களா, அவர்களுக்குப் பெயர் வைத்தார்களா என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாமாவின் பக்கத்தில் போய், இதை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேட்டேன்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. “எங்கியும் உடல பாப்பா. இங்கியே இருக்கட்டும். இத்தப் பொறுக்கினவன் நான்தானே” என்று சொல்லிக் குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தன் போர்ஷனுக்குப் போனார்.

என் குட்டியைக் காப்பாற்றுவதற்காக அக்கா தன் கல்யாணத்தையே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நான் நம்பினேன். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. நன்றி சொல்ல உள்ளே ஓடினேன். அவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். அம்மா கண்ணீர் வழிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பசிக்கிறது என்றேன். அம்மா எழுந்து வந்து சோறு போட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. இரண்டாம் முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் வேறு யாரும் சாப்பிடவில்லை.