வெர்லனின் இடக்கை

எங்கள் டென்னசி மலையடிவாரத்தில் வீட்டுக் கழிவுத்தொட்டி நிறைந்துவிட்டால் வெர்லன் டிட்வெல்லைத்தான் கூப்பிடுவோம். வாரமெல்லாம் அவருக்குக் கழிவு உறிஞ்சுகிற லாரி. சனிக்கிழமை சாயங்காலம் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, முன்னாள் ராணுவத்தார் கூடத்தில் ஊரார் ஜோடி ஜோடியாக ஆட, மேடையில் ஸ்டீல் கிதார் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

“வாரமெல்லாம் நாத்தம், சனிக்கிழமை சங்கீதம்” என்பாள் அவர் மனைவி ஓரா. நான் அங்கே காபியும் ஆப்பிள் பலகாரமும் விற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அவர்களுக்கு அடுத்த பெஞ்சு.

அந்தக் கிதார் சின்ன மேசை மாதிரி நிற்கும். இடக்கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திமேல் இழுத்தால் ஆள் அழுகிற மாதிரியே அழும். எங்கள் பக்கத்துப் பழைய கன்ட்ரி பாட்டுக்கு அதுதான் உயிர். பாடுகிறவர் ஒரு வரி பாடி மூச்சு வாங்கும்போது, அந்த இடைவெளியில் ஸ்டீல் கிதார் ஒரே சுரத்தைப் பிடித்துத் தனியே நிற்க வேண்டும். இப்போது வருகிற புதுக் கன்ட்ரி பாட்டு அப்படியில்லை. டிரம் இடி மாதிரி விழும், பாதி வரிகள் பேச்சாகவே ஓடும், இடைவெளி என்பதே கிடையாது.

“ராக் பாட்டுக்கு கௌபாய்த் தொப்பி மாட்டிக் கன்ட்ரின்னு விட்டிருக்கானுங்க” என்பார் வெர்லன்.

போன வருஷம் அவர் இடக்கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. லாரிக் குழாயைப் பிடிக்க அது தடையில்லை. ஆனால் ஸ்டீல் கிதாரில் கை மயிரிழை அசைந்தாலும் சுரம் அசைந்துவிடும். ஒரு சனிக்கிழமை, ஜோடிகள் மெதுவாகச் சுற்றி ஆடுகிற வால்ட்ஸ் பாட்டில், அந்த நீண்ட சுரம் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி கேட்டது. மரியாதைக்கு ஒருவரும் மேடைப் பக்கம் திரும்பவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. எழுந்து கிதாரைப் பெட்டியில் வைக்கப் போனார்.

“வேற ஆளப் பாத்துக்க, கண்ணு. நான் இத வித்துடப் போறேன்” என்றார், பாடுகிற டெஸ்ஸிடம்.

“அடுத்தது புதுப்பாட்டு, மாமா. உக்காருங்க.”

“அதுல எனக்கென்ன வேலை? அந்தச் சத்தத்துல செத்தவனே எழுந்து ஓடிருவான்.”

“அதான் சொல்றேன். அவ்ளோ சத்தத்துல உங்க கை நடுங்குறது கர்த்தருக்கு மட்டுந்தான் கேக்கும். வாய் பேசுனது போதும், கைய மட்டும் குடுங்க.”

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். தனியே நிற்கச் சொல்லி அந்தப் பாட்டு அவரைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் பின்னால் பனிமூட்டம் போல ஏறி இறங்கினால் போதும் என்றது. டிரம் இடிக்கடியில் அவர் கையின் நடுக்கம், தண்ணீர் மினுங்குகிற மாதிரி ஆகிவிட்டது. டிரம் அடிக்கிறவன் பல்லைக் காட்டித் தலையாட்டினான். இத்தனை வருஷம் தான் திட்டிய பாட்டு தனக்கு ஓர் இடம் வைத்திருந்ததைப் பார்த்த வெர்லன், கிதாரை விற்கிற பேச்சையே விட்டுவிட்டார்.

இப்போது புதுப்பாட்டெல்லாம் அவர் வாசிக்கிறார். பழைய வால்ட்ஸ் வந்தால் அந்த இடைவெளியை வயலின் எடுத்துக்கொள்கிறது, அவர் மேடையைவிட்டு இறங்கிவிடுகிறார். முதல் தடவை இறங்கியவர் நேரே ஓராவிடம் போய்க் கை நீட்டினார். வாத்தியக்காரன் பெண்டாட்டி; அவர் எப்போதும் மேடையில், இவள் கீழே. அந்தக் கூடத்தில் சொந்தப் புருஷனோடு அவள் ஆடியதே கிடையாது.

“என்னய்யா, வழி தெரிஞ்சு வந்தியா?”

“கை நடுங்கும், பாத்துக்க.”

“நடுங்கட்டும். கால மிதிக்காம இருந்தாச் சரி.”

அவர் மிதித்தார். அவள் சிரித்துக்கொண்டே ஆடினாள். ஸ்தோத்திரம் சொல்ல நான் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை. காபி ஊற்றியபடியே சொன்னேன். பழைய பாட்டுக்காக எப்போதும் சொல்கிறவள்தான். அன்று அந்தப் புதுப்பாட்டு இரைச்சலுக்கும் சேர்த்துச் சொன்னேன்.