ஒன்பதாம் இடத்துக்கு ஓர் ஓட்டக்காரர்

அந்த வருடம் எங்கள் ஆபீஸ் ஃபேன்டஸி ஃபுட்பால் லீகில் பத்துப் பேர். பன்னிரண்டு வாரம் முடிந்தபோது நான் பத்தாவது. கடைசியில் முடிப்பவர் அடுத்த வருடம் இடத்தைக் காலி செய்ய வேண்டும், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவர் வந்து உட்காருவார் என்பது விதி. பட்டியலில் முதலில் இருந்தவர் என் கார்பூல் நண்பர். தினமும் காலையில் பிளசன்டனில் என் வீட்டு வாசலுக்கு வந்து, என்னை ஏற்றிக்கொண்டு, சுனோல் மேடு ஏறி இறங்கி ஃப்ரீமான்ட் ஆபீஸில் சேர்க்கிற கோயமுத்தூர்க்காரர். திங்கட்கிழமைகளில் நான் சீட் பெல்ட் போடும் வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார்.

“என்னங்க, இந்த வாரமும் படுத்துக்கிச்சுங்களா?”

“உங்க வாயைக் கழுவுங்க.”

“நான் நல்லதுக்குத்தானுங்க கேக்கறேன். எடம் காலியாகுதுன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நான் கொஞ்சம் தயாராயிக்குவேன்.”

விளையாட்டு சிக்கலானதில்லை. ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ரகம். ஆளாளுக்கு நிஜ ஆட்டக்காரர்களைப் பிரித்து எடுத்துக்கொள்வோம். வாரா வாரம் அவர்களில் யாரை இறக்குவது என்று முடிவு செய்து, ஞாயிறு காலை பத்து மணிக்குள், லீகை நடத்துகிறவர் வீட்டுக்குப் போன் செய்து, பேசுவதை டேப்பில் பதியும் ஆன்சரிங் மெஷினில் பெயர்களைச் சொல்ல வேண்டும். மைதானத்தில் அவர்கள் ஓடினால் நமக்குப் புள்ளி. வாரம் ஒருவரோடு மோதல், புள்ளி அதிகம் எடுத்தவர் ஜெயிப்பார். இதில் ரன்னிங் பேக் என்பவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆள் மலைக்குள் தலையை விட்டு ஓடுகிறவர், வாரத்துக்கு ஒருவரைத்தான் இறக்கலாம். அவர்களிலும் ‘ஸ்லீப்பர்’ என்று ஒரு ரகம். யாரும் கண்டுகொள்ளாமல் பெஞ்சில் கிடப்பார், திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடித் தள்ளுவார். அவரை மற்ற ஒன்பது பேருக்கும் முன்னால் கண்டுபிடிக்கிறவன்தான் கெட்டிக்காரன்.

இதற்காக ஒரு மனிதன் தூக்கம் கெடுவானா என்று கேட்கலாம். நான் கெட்டேன். அந்த ஆபீஸில் சேர்ந்த முதல் மூன்று வருடம், கீபோர்டுக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே எலுமிச்சை சாதம் சாப்பிட்டவன் நான். ‘ஹவ் ஆர் யூ’, ‘ஹேவ் எ குட் ஒன்’ தவிர யாரும் என்னிடம் மூன்றாவது வாக்கியம் பேசியதில்லை. லீகில் சேர்ந்த பிறகுதான் ஜன்னலோர மேஜையில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது. திங்கட்கிழமை மதியம் ஒன்பது பேர் சேர்ந்து என்னை முட்டாள் என்று திட்டுவார்கள். அவ்வளவு அன்பாக அந்த ஊரில் என்னை வேறு யாரும் திட்டியதில்லை. அதை இழக்க நான் தயாராக இல்லை.

பத்தாவது இடத்துக்கு நான் வந்து சேர்ந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் ஐந்து வருடக் கேள்வித்தாளைப் பரப்பி வைத்து, ‘இது போன வருஷம் வந்துடுச்சு, விடு, இது மூணு வருஷமா வரலை, கட்டாயம் வரும்’ என்று குறித்துக் குறித்துப் படித்துப் பாஸ் செய்த தலைமுறை நான். இன்ஜினியரிங் பட்டமே அப்படி வாங்கியதுதான். அதே மூளையோடு ரன்னிங் பேக்கையும் தேர்ந்தெடுத்தேன். போன வாரம் நன்றாக ஓடியவரை உட்கார வைத்தேன். ஆறு வாரமாக ஓடாதவரைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு இறக்கினேன். அவர் ஏழாவது வாரமும் ஓடவில்லை.

லீகை நடத்தியவர் டெஸ்டிங் பிரிவில் இருந்த டெக்சாஸ்காரர், ஆறரை அடி. ஒரு திங்கட்கிழமை என்னிடம் நிதானமாகக் கேட்டார்.

“இந்த ஆளு ஓடுவான்னு நீங்க எதை வச்சு நினைச்சீங்க?”

“அவர் ஓடி ரொம்ப நாளாச்சு. அதனால இந்த வாரம் ஓடணும்.”

அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். “அவனுக்கு யாரும் பந்தே குடுக்கறதில்லை நண்பரே” என்றார். மேஜை முழுக்கச் சிரித்தது. கேள்வித்தாள் தயாரிக்கிறவருக்கு மாணவன் மேல் கொஞ்சமாவது இரக்கம் உண்டு, ஃபுட்பால் கோச்சுக்குக் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மறுநாளே முறையை மாற்றினேன். ஓடுகிறவனைப் பார்ப்பதை விட்டேன். அவனுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். முன்னால் இருப்பவன் நொண்டினால் பின்னால் இருப்பவனுக்குப் பந்து, அவ்வளவுதான் சூட்சுமம். பேப்பரில் எறும்பு வரிசை மாதிரி அச்சாகும் காயப்பட்டியலைத் தினமும் கத்தரித்தேன். மூட்டு, தொடை, கணுக்கால் என்று தனித்தனிக் கவர். யார் புதன், வியாழன், வெள்ளி பயிற்சிக்கு வந்தான், யார் வரவில்லை என்று நோட்டில் டிக் போட்டேன். என் குழுவில் இருந்த ஒரு பிரபல ஓட்டக்காரருக்குக் கணுக்கால் வீங்கிய அன்று, டாய்லெட் பேப்பர் வாங்கப் போன நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

“எவனோ ஒருத்தனுக்குக் கால் வீங்கினா நீங்க ஏன் நொண்டறீங்க?” என்றாள் மனைவி.

“கவலையில இருக்கேன்.”

“போன மாசம் எனக்குக் கழுத்து புடிச்சுக்கிச்சே, அதுக்கு ஏதாவது கவர் போட்டீங்களா?”

கழுத்துக்கு நான் கவர் போட்டிருக்கவில்லை.

வீங்கிய காலுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பொடியனை, ஒருத்தரும் சீண்டாதிருந்தபோது, என் குழுவில் சேர்த்துக்கொண்டேன். கடைசி வாரம் எனக்கும் ஒன்பதாவது இடத்தில் இருந்தவருக்கும் நேரடி ஆட்டம். ஜெயித்தால் நான் ஒன்பது. தோற்றால் நாற்காலி கோயமுத்தூருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மனைவி லிவர்மோர் கோயில் சமையற்கட்டில் காய் நறுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். நானும் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே போனதும், பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டேன். பிரபலம் விளையாடுகிறாரா இல்லையா என்று தெரிந்துகொண்டு, வாசல் பக்கம் இருந்த பொதுத் தொலைபேசியில் பெயரைச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். ஒன்பதே முக்காலுக்கு அந்தத் தொலைபேசியைப் போய்ப் பார்த்தால், ரிசீவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் மட்டும் தொங்கியது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு ஓடி வந்தேன். நான் பூட்டாமல் விட்ட காரில், பக்கத்து சீட்டில், கோயிலுக்கு வந்திருந்த கார்பூல் நண்பர் உட்கார்ந்து, கையில் சுண்டலோடு, ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஆபீஸ் கொடுத்த செல்ஃபோன். அந்தப் பார்க்கிங் லாட்டில் எனக்குத் தெரிந்து இருந்த ஒரே செல்ஃபோன் அதுதான்.

“உங்காளு யூனிஃபார்ம் போட்டு வந்துட்டானாமுங்க. விளையாடறானாம். இப்பத்தான் சொன்னாங்க.”

பிரபலம் விளையாடினால் பொடியனுக்குப் பந்து வராது. பிரபலத்தை இறக்கி அவர் நொண்டினாலும் நான் காலி. ஒரு நிமிடம் பழைய மூளை எழுந்து உட்கார்ந்தது. ‘அவர் மூணு வாரமா ஓடலை, இந்த வாரம் கட்டாயம்’ என்றது. அதை அடக்கினேன். நோட்டை எடுத்தேன். புதன் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளி இல்லை.

“மூணு நாள் பிராக்டீசுக்கு வராதவன் யூனிஃபார்ம் போட்டா கால் சரியாயிடுமா? நான் பொடியனத்தான் இறக்கப்போறேன்.”

“ரேடியோக்காரனை விட உங்களுக்குத் தெரியுமாக்கும்?”

“தெரியும். போனைக் குடுங்க.”

அவர் சுண்டலை மென்றார். என்னைப் பார்த்தார். நான் தோற்றால் அவருக்கு நாற்காலி, போன் கொடுக்காவிட்டாலும் அவருக்கு நாற்காலி. போனை எடுத்து நீட்டினார். “தோத்தீங்கன்னா போன் குடுக்காததாலதான்னு ஆயுசு பூரா சொல்லுவீங்க. அதை யாருங்க கார்ல உக்காந்து கேக்கறது?”

மணி ஒன்பது ஐம்பத்தாறு. மெஷின் எடுத்தது. குட் மார்னிங் சொன்னேன். முழுப் பெயரைச் சொன்னேன். இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சொன்னேன். கோயிலிலிருந்து பேசுகிறேன், சத்தத்துக்கு மன்னிக்கவும் என்றேன். மற்ற ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ரன்னிங் பேக்குக்கு வந்தபோது மெஷின் ‘பீப்’ என்றது. “ஐயையோ, கட் பண்ணிட்டானே பாவி” என்று நான் அலறிய பிறகுதான் உண்மையில் கட் ஆனது.

திரும்ப அடித்தேன், எங்கேஜ்டு. திரும்பவும் எங்கேஜ்டு. அவசரத்தில் வேறு யார் வீட்டுக்கோ அடித்து, ஓர் அம்மாளிடம் ஓட்டக்காரர் பெயரைச் சொன்னேன். அவர் ராங் நம்பர் என்றார். நண்பர் போனைப் பிடுங்கி, கண்ணாடியைத் தூக்கி, நம்பரை நிதானமாக அழுத்தி, மணி அடித்ததும் என் காதில் வைத்தார்.

“பேரை மட்டும் சொல்லுங்க. அப்பா பேரெல்லாம் வேண்டாம்.”

பொடியன் பெயரை மட்டும் சொன்னேன். ஒன்பது ஐம்பத்தொன்பது.

பிரபலம் இரண்டே முறை பந்தை வாங்கினார். இரண்டாவது தடவை எழுந்தவர் நொண்டிக்கொண்டே பெஞ்சுக்குப் போய்விட்டார். மீதி ஆட்டம் முழுக்கப் பொடியன் ஓடினான். கோயில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது எனக்கு அது எதுவும் தெரியாது. என் இலையில் விழுந்த சாம்பார் சாதத்தை என்னால் பிசைய மட்டும்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்து டிவியில் புள்ளிகளைக் கூட்டினேன். மூன்று முறை கூட்டினேன். இரண்டு புள்ளியில் ஜெயித்திருந்தேன்.

திங்கள் மதியம் டெக்சாஸ்காரர் மெஷினின் டேப்பையே ஆபீஸுக்குக் கொண்டுவந்து ஜன்னலோர மேஜையில் போட்டுக் காட்டினார். கோயில் மணிச் சத்தம், என் அப்பா பெயர், கடைசியில் என் அலறல். அந்தக் கடைசி வரிக்கு அர்த்தம் என்ன என்று ஒன்பது பேரும் கேட்டார்கள். ‘கடவுள் வாழ்த்து’ என்று சொல்லி வைத்தேன்.

அன்று மாலை சுனோல் மேட்டில் லாரிக்குப் பின்னால் வேகம் குறைந்தபோது நண்பர் மெதுவாக ஆரம்பித்தார்.

“அந்த நோட்டை ஒரு நாளைக்குக் குடுங்க. சும்மா பாத்துட்டுத் தாரேன்.”

“முடியாது.”

“போன் என்னுதுங்க.”

“பட்டியல்ல முதல் பேரும் உங்களுதுதான். அதனாலதான் முடியாது.”

அவர் இண்டிகேட்டர் போட்டு லேன் மாறினார். நான் நோட்டை மடியிலிருந்து எடுத்து, சீட்டில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.