குமரனின் துவக்கோடு வடக்கே போன சனிக்கிழமை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாகத்தான் வரும், இடையில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதியோர் சங்கத்தில் பலர் நயாகரா போனதை எழுதிவிட்டார்கள். துவக்குச் சுடும் இடத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் இருக்கும் மில்லிக்கனில் இருந்து வெளிக்கிட்டோம். கார் ஓட்டியவர் என் மருமகன் குமரன். பக்கத்தில் அவருடைய வேட்டைக் கூட்டாளி யோகன். மகளுக்கு வேலை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். துவக்கு பின்னால் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டியதும் புது வீடுகள் முடிந்து, அறுத்த சோளக் காணிகள் வந்தன. எல்லாமாக எழுபது கிலோமீற்றர் இருக்கும்.

அந்தத் துவக்கு கடையில் அப்படியே வாங்கியதல்ல. குழலை ஓரிடத்திலும் அதைத் தாங்கும் கட்டையை இன்னோரிடத்திலும் எடுத்து, துவக்கு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் குமரன் தன் தோளுக்கு அளவாகப் பொருத்துவித்தாராம். பன்னிரண்டு வருடமாக மழையிலும் பனியிலும் திரிந்திருக்கிறது. ஒருமுறை வள்ளத்தில் இருந்து வாவிக்குள் விழுந்து, மீட்டு எடுத்தாராம். கட்டை மரமல்ல, கண்ணாடி நாரில் வார்த்தது, ஈரத்துக்கு ஊதாது. இத்தனைக்குப் பிறகும் குறி பிசகியதில்லை என்றார். போன கிழமைதான் முதல் தடவையாகப் பிசகியதாம். திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது, அதற்குள் சுட்டுப் பார்த்துச் சரிசெய்யத்தான் இந்தப் பயணம்.

"குழல் தேஞ்சு போச்சு. உந்தத் துவக்கைத் தூக்கி வைச்சிட்டு என்ர மற்றதைக் கொண்டு வா," என்றார் யோகன்.

"இந்தத் துவக்கை நம்பேலாட்டில் நான் வேட்டைக்கே வரேல்லை அண்ணை. காயப்பட்டு ஓடுற மானைப் பற்றையெல்லாம் தேடித் திரிய என்னால ஏலாது."

யோகன் வானொலியைக் கூட்டிவிட்டார்.

ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். விருந்தாளிக்குப் பதினைந்து டொலர். காதை மூட ஒரு கவசம் தந்தார்கள். மரக் கூரையின் கீழ் நீண்ட மேசைகள். நூறு மீற்றர் தள்ளிக் கடதாசிக் குறி. குமரன் துவக்கை மண்மூட்டையில் வைத்து, மூச்சை விட்டு, மெல்லச் சுட்டார். அடுத்த வெடிக்காகத் துவக்கின் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளும்போது வெண்ணெயில் கத்தி போவதுபோல் இருந்தது. மூன்று வெடி. போய்ப் பார்த்தால் ஓட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கோடு போட்டு ஏறியிருந்தன.

யோகன் தலையை ஆட்டினார். குமரன் அந்தக் கடதாசியைக் கனநேரம் பார்த்தார்.

"தேஞ்ச குழல் எண்டால் கண்டபாட்டுக்குச் சிதறும். இது ஒழுங்கா ஏறுது. குழல் சூடாக ஆக எதிலயோ முட்டுது."

குழல் கட்டையைத் தொடாமல் நிற்க வேண்டுமாம். அவர் ஒரு கடதாசித் துண்டை இரண்டுக்கும் நடுவே விட்டு இழுத்தார். பாதி வழியில் இறுகி நின்றது. இரண்டு திருகாணியைக் கழற்றிக் குழலைத் தூக்கினார். கட்டையின் பள்ளத்தில் மண்ணிறமாக ஏதோ காய்ந்து கிடந்தது. சுரண்டி எடுத்து மணந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மாமி, இது என்னெண்டு சொல்லுங்கோ."

சந்தனம். இந்த வருட ஆயுத பூசைக்குத் துவக்கைச் சாமியறையில் வைத்துத் தாராளமாகப் பூசியவர் அவரேதான். வெளியே துடைத்திருக்கிறார், உள்ளே வழிந்தது இருந்துவிட்டது.

"பன்னிரண்டு வரியப் பனி செய்யாததை உன்ர பக்தி செய்துபோட்டுது," என்றார் யோகன். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கோப்பி கலக்கும் குச்சியால் முழுவதையும் சுரண்டி, திருகாணியை அளவு பார்த்து முறுக்கி, குழல் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு மூன்று வெடி. இந்தமுறை ஒரு டொலர் நாணயக் குற்றியை வைத்தால் மூன்று ஓட்டைகளும் மறைந்தன. இன்னும் மூன்று சுட்டார். அதே இடம். யோகன் குறியைத் தடவிப் பார்த்துவிட்டு, "திங்கள் விடிய நாலுக்கு வந்து ஏத்துறன்," என்று மட்டும் சொன்னார்.

ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குவோம். இங்கே நான் பக்கத்தில் குந்தியிருந்து, அடுத்த வெடி எங்கே விழும் என்று ஆவலாகப் பார்த்தேன். ஒரு பொருளைச் செய்தவரும் வைத்திருப்பவரும் கவனமானவர்கள் என்றால் அது இவ்வளவு காலம் உழைக்குமா என்று திரும்பும் வழியெல்லாம் வியப்பாக இருந்தது.

தூரமும் துவக்குப் பாகங்களின் பெயர்களும் நான் கேட்டபடி எழுதியவை, பிழை இருக்கும். யாராவது குமரனிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். ஞாயிறு இரவுக்குள் கேளுங்கள். அதன் பிறகு அவர் காட்டில் நிற்பார், போன் எடுக்கமாட்டார்.