கல்யாணில் பத்து நிமிஷம்

அப்பாவும் அம்மாவும் போய்ச்சேர்ந்த பிறகு, தாராவி வீட்டை நேற்றுத்தான் ஒதுக்கினேன். டிரங்குப் பெட்டியில் அப்பாவின் நீல இன்லண்ட் லெட்டர் ஒன்று இருந்தது. பட்டாளத்திலிருந்து அவர் தமிழில்தான் எழுதுவார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தி மீடியத்தில் படித்த எனக்கும் அப்போது தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் தெரியும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

மண்ணெண்ணெய் வாசமடிக்கும் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா உட்காருவாள். "ஒங்கப்பா என்னட்டி எழுதிருக்காவ?"

"நல்லா இருக்காவளாம். நம்மளயும் கேட்டிருக்காவ."

இந்த லெட்டருக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன். அதில் இருந்தது இது: "வருகிற ஞாயிறு காலை எங்கள் ரயில் கல்யாண் ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நிற்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. ஒரு தடவை பார்த்தால் போதும்."

அடுத்த லீவில் வந்த அப்பா, நாங்கள் ஏன் ஸ்டேஷனுக்கு வரவில்லை என்று கேட்கவே இல்லை. எனக்குத் தமிழ் அரிச்சுவடி ஒன்று வாங்கி வந்திருந்தார். அதில் பழகிய எழுத்தை வைத்துத்தான் நேற்று இதைப் படித்தேன்.