ஆடு கொடுக்க வேண்டிய உத்தரவு

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூரில் மில் சங்கு கேட்டு வளர்ந்த என்னைத் தாராபுரம் பக்கம் ஒரு வறண்ட காட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் மருமகளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், ஆட்டைத்தான் கேட்பார்கள். ஓர் ஆட்டை விற்பதென்றால் என் மாமியார் அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்பார். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். இல்லாவிட்டால் வியாபாரி வந்த வழியே போகவேண்டியதுதான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மேய்ச்சல் காட்டில் புல் வேரோடு கருகி, ஆடுகள் வேலியைக் கடித்துக்கொண்டு நின்றன. ஒன்றை விற்றால் மற்றவற்றுக்குச் சோளத்தட்டு வாங்கலாம். விற்காவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. விலை போகிற நிலையில் இருந்தவை இரண்டே. ஒன்று, ஈத்துக்கு இரண்டு குட்டி போடும் மாமியாரின் செல்லப் பெட்டை. மற்றது, தாயில்லாமல் நான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கிடா. என் கல்யாணச் சேலையின் முந்தானையையே தின்ற பிராணி அது. இருந்தும் அதை விற்கிறார்கள் என்றால் எனக்கு உயிரே போய்விடும்.

உக்கடத்திலிருந்து வந்த ஆட்டு வியாபாரி பாய், பெட்டையைத்தான் கேட்டார். மாமியார் தண்ணீர் தெளித்தார். அது அசைபோட்டது. மறுபடி தெளித்தார். கண்ணை மூடிக்கொண்டது.

"ஏனுங்க அக்கா, டெம்போ நிக்குதுங்க" என்றார் பாய்.

"அது சொல்லோணுமில்லீங்களா?" என்றார் மாமியார்.

பொறுமை இழந்த என் வீட்டுக்காரர் சொம்பைப் பிடுங்கி வீசி ஊற்றினார். பெட்டை நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டது. தண்ணீர் சுவரில் பட்டுத் தெறித்து அவர் மேலேயே விழுந்தது. காதுக்குள் தண்ணீர் போனதில் மனுஷன் தலையைச் சிலுப்பினார் பாருங்கள், அப்படி ஒரு சிலுப்பல்.

"உத்தரவு கெடச்சிருச்சுங்க பாய். இவனையே ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார் மாமியார்.

பாய் என் வீட்டுக்காரரின் விலாவைத் தடவிப் பார்த்தார். "கறி தேறாதுங்களே அக்கா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கட்டிய புருஷன் என்ற மரியாதையெல்லாம் காற்றில் போனது. அந்த நேரம் பார்த்து, தரையில் தேங்கிய தண்ணீரை நக்க வந்த என் கிடா, தலைமுதல் வால்வரை உடம்பைச் சிலுப்பியது.

"இது சொல்லிருச்சுங்களே!" என்றார் பாய்.

"அது ஈ கடிச்சதுக்குங்க!" என்று கத்தினேன். அங்கே ஈயும் இல்லை, எறும்பும் இல்லை.

மாமியார் என்னைப் பார்த்தார். நான் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது நன்றியே இல்லாமல் நான் உடுத்தியிருந்த சேலையைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

"ஆமாங்க பாய், ஈதான். நானும் பாத்தேன்" என்றார் மாமியார்.

பிறகு பெட்டையின் முதுகில் நாலு சொட்டுத் தெளித்தார். தெளித்த கையோடு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது சிலுப்பிருச்சுங்க. புடிங்க."

பெட்டை காதைக்கூட ஆட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.