பெல்ட்டுக் கருப்பன்

போன வாரம் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. பெட்டி ஒரு ஜோடி செருப்பு வைக்கிற அளவுக்கு இருந்தது. உள்ளே காகிதம், காகிதத்துக்குள் காகிதம், கடைசியில் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு தோல் சாட்டை, கைப்பிடியில் வளையத்தோடு. மகள் தன் கார்ச் சாவிக்காக வரவழைத்த கீசெயின். கையால் பின்னியது என்று அச்சடித்த சீட்டு வேறு. நான் அதை வாங்கி முதலில் மூக்கில் வைத்தேன். "எதுக்குப்பா மோந்து பாக்குறீங்க, அது என்ன கருவாடா?" என்றாள். ஒரு வாசமும் இல்லை. தோல் சாட்டை என்றால் கொஞ்சம் விளக்கெண்ணெய், கொஞ்சம் பஞ்சுத் தூசி, கொஞ்சம் திருட்டு வாசம் வரவேண்டாமா? கடைசியில் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

எனக்கும் இது பின்னத் தெரியும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தியே விட்ட பழக்கம். மற்ற ஆண்கள் அப்படிச் சொன்னால் அது பீடியாக இருக்கும்.

எண்பதுகளின் பின்பாதியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், கார்டிங்கில் வேலை பார்த்தேன். தூசியும் தும்புமாக வருகிற பஞ்சைச் சீவித் திரியாக்கித் தள்ளுகிற இடம் அது. மில் பழசு. எந்திரங்கள் அதைவிடப் பழசு. ஒவ்வொன்றையும் சுழற்றுவதற்கு உள்ளங்கை அகலத்தில் தோல் பெல்ட் ஓடும். அது அறுந்தால் தைத்து மாட்டுகிற ஆள் நான். இற்றுப்போன பெல்ட்டைச் சுருட்டிக் கழிவுக் கிட்டங்கியில் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. நான் சேர்த்துவிடுவேன், ஒரு சாண் குறைவாக. அந்த ஒரு சாணை வயிற்றில் செருகிக்கொண்டு வெளியே வருவேன். கேட்டில் காவலாளி தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார். வயிற்றைத் திறந்து பார்க்கிற வழக்கம் இல்லை.

பின்னக் கற்ற கதையும் பெருமைக்குரியதில்லை. எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜட்காக்காரர் பழைய சாட்டையைத் தூக்கிப் போட்டார். எப்படிப் பின்னியிருக்கிறது என்று பார்க்க, எடுத்துவந்து பிரித்தேன். பிரித்தது ஒரு சாயங்காலம், திரும்பச் சேர்த்தது மூன்று மாதம். சேர்ந்தபோது பாதி நீளம்தான் இருந்தது. மிச்சப் பாதி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. சின்னச் சாட்டை செய்கிற வித்தை எனக்கு இப்படித்தான் வாய்த்தது.

அதன் பிறகு சாட்டை வரவரச் சிறுத்துக் கீசெயின் அளவில் வந்து நின்றது. தோலைப் பிளேடால் நாலு வாராகக் கீற வேண்டும். ஒவ்வொரு வாரும் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் நூல் மாதிரியும் இருக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டு, கால் கட்டைவிரலில் மாட்டி, இழுத்துப் பிடித்துப் பின்ன வேண்டும். ஈரத்தில் கை தளர்ந்தால் காய்ந்த பிறகு பின்னல் பல்லை இளிக்கும். இழுத்துப் பின்னினால் இறுகி, பாம்புக்குட்டி மாதிரி வழவழவென்று நிற்கும். கைப்பிடிக்கு நூல் சுற்றி, விளக்கெண்ணெய் தடவினால் முடிந்தது. அந்த நூலும் மில் நூல்தான். அதில் மட்டும் யோக்கியனாக இருந்து என்ன ஆகப்போகிறது?

யாருக்கும் விற்றதில்லை. கொடுக்கும்போது ஒரு கேலியும் சேர்த்துக் கொடுப்பேன். தினமும் நான் ஏறுகிற பஸ்ஸின் கண்டக்டருக்குக் கொடுத்தபோது, படியில் தொங்குகிறவர்களுக்காக வைத்துக்கொள்ளச் சொன்னேன். புதுமாப்பிள்ளையான சிநேகிதனிடம், இதை நேரே வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிடு, இது இருக்கவேண்டிய கை அதுதான் என்றேன். மில்லுக்குள் மட்டும் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. நான் அறிவாளி.

அறிவாளி ஒருநாள் மாட்டிக்கொண்டான். சாப்பாட்டு இடைவேளையில் பெல்ட் அறை மூலையில் உட்கார்ந்து, கட்டைவிரலில் ஒரு சாட்டையை மாட்டிக் கடைசி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். கறுப்புத் தோல், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிது, எனக்கே பிடித்துப்போன ஒன்று. நிழல் விழுந்தது. மேஸ்திரி.

"ஏலே, என்னதுலே அது?"

எனக்கு அப்போது பெர்மனென்ட் ஆகிற நேரம். பட்டியலில் பேர் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். மில் தோலை அறுத்தவன் என்று தெரிந்தால் பட்டியலும் இல்லை, மில்லும் இல்லை. பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைக்கும். எனக்குத் திறக்கும்.

"கருப்பசாமி சாட்டை அண்ணாச்சி. மலையடிவாரத்துக் கோயில்ல பூசையில வச்சுக் குடுத்தாக. உங்களுக்குன்னுதான் கொண்டாந்தேன்."

கால் கட்டைவிரலில் எந்தச் சாமியையும் மாட்டிவைக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால், சாமான் பீரோச் சாவியோடு சாட்டை திருநீற்றுப் பட்டை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து மேஸ்திரியின் கைக்கடிகாரம் காணாமல் போனது. பட்டாளத்தில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்தது. எந்திரத்தில் கை வைக்கும்போது கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டுவார். அன்று ஆணி மட்டும் இருந்தது. மனிதர் அழாத குறை. ஷிப்ட் முடிந்ததும் பதினொரு பேரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்கவைத்தார். ஒரு தட்டில் சூடம், அதன் நடுவில் என் சாட்டை. எடுக்கவில்லை என்று சொல்லித் தொட்டுவிட்டுப் போகவேண்டும், எடுத்தவனைக் கருப்பன் பார்த்துக்கொள்வான் என்றார்.

வரிசையில் பாதிப் பேர் சுடுகிற மாதிரி பட்டும் படாமல் தொட்டார்கள். எடுக்காதவர்களே அப்படித்தான் தொட்டார்கள். எனக்கு அந்தப் பயமில்லை. அது கார்டிங் பெல்ட் என்று தெரிந்த ஒரே ஆள் நான். தொட்டதோடு விடாமல் கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். அந்த வரிசையில் மில் சொத்தைத் திருடியவன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான். அவன்தான் எல்லாரையும்விட பக்தியாகத் தொட்டவன்.

எனக்குப் பின்னால் குருவையா. மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிற பதிலி ஆள். பதிலி என்றால் நிரந்தரமில்லை. காலையில் கேட்டில் வந்து நிற்கவேண்டும், பேர் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், நல்ல மனுசர். நான் சொல்கிற கேலிக்கு உடனே சிரிக்க மாட்டார். மறுநாள் வந்து, "நேத்துச் சொன்னது இப்பத்தான் தம்பி புரிஞ்சுது" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் தட்டுக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் எடுக்கல அண்ணாச்சி. ஆனா தொட மாட்டேன்."

ஏன் என்று மேஸ்திரி கேட்டார். இரண்டு முறை கேட்டார். தொடமாட்டேன் என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. சூடம் அணைகிறவரை எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் சொல்லியிருக்கவேண்டிய நேரம் அதுதான். அண்ணாச்சி, அது வெறும் பெல்ட், நான்தான் அறுத்தேன் என்றால் முடிந்தது. எனக்கு அப்போது பட்டியல்தான் ஞாபகம் வந்தது.

விசாரணை, நோட்டீஸ் எதுவும் இல்லை. பதிலி ஆளுக்கு அதெல்லாம் தேவையில்லை. மறுநாள் காலை கேட்டில் அவர் பேரைக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை. எட்டு நாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பதாம் நாள் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் வெறும் கோழை. டீக்கடையில் யாரோ, குருவையா ஏன் தொடவில்லை என்று பேச்செடுத்தார்கள். வாய் சும்மா இருக்கவில்லை. "தொட்டா சாட்டை தானா எந்திரிச்சு வெளுத்துருமோன்னுதான்" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் சொன்ன கேலிகளிலேயே அதிக தூரம் போனது அதுதான். மம்சாபுரம் வரைக்கும் போனது.

எட்டு மாதம் கழித்து கார்டிங் எந்திரத்துக்கு அடியில் இருக்கிற குழியைச் சுத்தம் செய்தோம். கழிவுப் பஞ்சுக்குள் கடிகாரம் கிடந்தது. எந்திர அதிர்வில் ஆணியிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. குருவையா பேர் சுத்தமாகிவிட்டது என்று எனக்கு நெஞ்சு லேசானது. மேஸ்திரி கடிகாரத்தைத் துடைத்து, சாட்டையைத் தொட்டுக் கும்பிட்டார். "எடுத்தவன் பயந்துபோய் குழியில போட்டுட்டுப் போயிருக்கான் பாத்தியா. கருப்பன் வுடுவானா?" எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என் தலையும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது.

அந்த வார லீவில் மம்சாபுரம் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் மன்னிப்புக் கேட்கப் போனாலும் பால்கோவா வாங்காமல் போகமாட்டான். அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன். குருவையா கரும்பு வெட்டுக் கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே சேலைத் தொட்டில் ஆடியது. வாங்க தம்பி என்று பாயை விரித்தார். நான் உட்காராமலே சொன்னேன்.

"அது கருப்பன் சாட்டை இல்லண்ணே. நம்ம பெல்ட்டு. நாந்தான் அறுத்துப் பின்னுனேன்."

கேலி என்று நினைத்து, புரிவதற்குக் காத்திருக்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு அவர் மனைவிக்கு மூன்றாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இந்தத் தடவை ஐந்து மாதம் தாண்டுகிறவரை வெளியே மூச்சு விடுவதில்லை என்று இருந்திருக்கிறார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உண்மைக்குக்கூடச் சாமி மேல் சத்தியம் செய்யக்கூடாது என்று மாமியார் கட்டுப்படுத்தியிருக்கிறார். அதனால் தொடவும் முடியவில்லை, ஏன் என்று சொல்லவும் முடியவில்லை.

"வெறும் பெல்ட்டுதானா?" என்று இன்னொரு முறை கேட்டார். "அன்னைக்கே காதோட சொல்லிருந்தா, சும்மா தொட்டுட்டுப் போயிருப்பனே தம்பி."

கோபமே இல்லாமல் சொன்னார். நான் அதற்குத் தயாராகப் போகவில்லை. இரண்டு அறை விழும், வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்றுதான் போயிருந்தேன்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி எழுந்து வந்தார். "இத ஏன் இங்க வந்து சொல்லுதிய? அவிய எடுக்கலன்னு எங்களுக்குத் தெரியாதா? மில்லுல போய்ச் சொல்லுங்க." பால்கோவாப் பொட்டலத்தை எடுத்து என் கையிலேயே வைத்தார். "அங்க சொல்லிட்டுப் பொறவு கொண்டாங்க. திங்கோம்."

திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றேன். சத்தியமாகவா என்று அவர் கேட்கவில்லை. மம்சாபுரம் ரோடு பிரிகிற விலக்கில் பஸ் வர நேரமானது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த அரைக் கிலோவையும் அங்கே நின்று நானே தின்றேன்.

திங்கட்கிழமை மேஸ்திரி எரிச்சலாக இருந்தார். செவ்வாய்க்கிழமை சிரித்த முகமாக இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். அடுத்த மாதம் எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. இனி என்ன பயம், சொல்லவேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலை கைக்கு வந்த பிறகுதான் போய்விடுமே என்ற பயம் சரியாகப் பிடித்தது. தோலை அறுப்பதை மட்டும் நிறுத்தினேன். அதை ஒரு பரிகாரம் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டுகூட இருந்தேன்.

தொண்ணூறுகளில் பெல்ட்டுகள் போய் எந்திரத்துக்கு ஒரு மோட்டார் வந்தது. பிறகு மில்லே நின்றது. குருவையா குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டதாகக் கேள்வி. திருப்பூரில் எங்கே என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மேஸ்திரி ஓய்வு பெற்றபோது சாட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் இறந்ததற்குப் போயிருந்தேன். சாமி மாடத்தில் பூச்சரத்தோடு தொங்கியது. அப்பாவின் சாமி என்று பட்டாளத்து மகன் காட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுக் கும்பிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் மில் இருந்த பக்கம் நடந்தேன். மதில் இல்லை, புகைபோக்கி இல்லை, வரிசையாக வீடுகள். வேப்பமரத்தை வைத்துக் கேட் எங்கே இருந்தது என்று குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து, அங்கே போய் நின்றேன். பக்கத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டார். குருவையா எடுக்கவில்லை என்று அந்த இடத்தில் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "குருவையா" என்பதற்கு மேல் வரவில்லை.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படி இங்க யாரும் இல்லியே" என்றார்.